டிரம்மோடு ஓடியவரின் அப்பீல்

கிரேனுக்குக் கீழ்க்கோர்ட்டில் ஒரு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானதற்குப் பாதிக் காரணம் காவலாளி சொன்ன சாட்சி. மீதிப் பாதி கிரேனுடைய வாய். அவர் மனைவியைக் கேட்டால் முழுக் காரணமும் வாய்தான் என்பாள்.

கிரேன் என்பது பெயர் இல்லை, பட்டம். இருபத்தாறு வயதில் ஒரு பந்தயத்துக்காக இரண்டு மூட்டைகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பலகையேறி லாரியில் போட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். கிடங்கில் மூட்டை தூக்கும் பதினான்கு பேரில் மற்ற பதின்மூன்று பேரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது அவருக்கு ஐம்பது ஆகப் போகிறது. இடுப்புக்கு எப்போதோ எழுபது ஆகிவிட்டது. சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார் என்பது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். வீட்டில் தண்ணீர்க் குடத்தை நகர்த்த வேண்டுமென்றாலும், "நீயே தள்ளிடும்மா, உன் கைராசி" என்று நழுவிவிடுவார்.

நடந்தது இதுதான். கிடங்கு மதிலுக்குள் நின்றிருந்த கேபிள் டிரம் ஒன்று ஒரு சாயங்காலம் காணாமல் போனது. இரண்டு பக்கமும் மரச் சக்கரம், நடுவில் கறுப்புக் கேபிள் சுற்றிய பெரிய டிரம். மறுநாள் காலையில் மதிலுக்கு வெளியே, மூட்டைக்காரர்கள் ஓய்வெடுக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. கிடங்குக் காவலாளி கோர்ட்டில் ஏறிச் சொன்னார்: "கிரேன்தாங்க எடுத்தாரு. டிரம்ம தோள்ல போட்டு, மதிலேறிக் குதிச்சு ஓடுனாரு. விசிலடிச்சேன், நிக்கல."

கிரேன் திருடவில்லை. அந்த நேரத்தில் அவர் வீட்டில் குப்புறப் படுத்திருக்க, மனைவி இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். ஆனால் பின்பெஞ்சில் கொட்டகை ஆட்கள் பதினான்கு பேரில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒத்தடம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நீதிபதி, "அந்த டிரம்மை உங்களால் தனியாகத் தூக்க முடியுமா?" என்று கேட்டபோது பழைய கிரேன் உள்ளேயிருந்து எழுந்துவிட்டார்.

"திருடலைங்கய்யா. ஆனா தூக்குவேன். அது மேல ஐயா ஏறி உட்கார்ந்தாலும் தூக்குவேன்."

பின்பெஞ்சில் விசில் பறந்தது. அது போதாதென்று, அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்த இரண்டு கூட்டாளிகள், குட்டையும் பஞ்சுவும், "அண்ணன் தங்கமான மனுஷன்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "அண்ணன் தூக்காத சாமானே இந்த ஊர்ல கிடையாதுங்க" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, பெரிய உதவி செய்த முகத்தோடு இறங்கினார்கள்.

ஒரு வருஷம். அப்பீல் முடியும்வரை ஜாமீன்.

அப்பீலுக்குப் பிடித்த வக்கீலம்மா சின்ன வயசு. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்கு மூன்று கால். அந்த நாற்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கிரேன் உற்சாகமாகச் சொன்னார்: "இந்தத் தடவை பெரிய கோர்ட்ல நானே எல்லாத்தையும் விளக்கமா சொல்லிடறேம்மா."

"நீங்க ஒண்ணுமே சொல்ல முடியாது" என்றார் வக்கீலம்மா.

"ஏன்?"

"அப்பீல்னா மறுபடி விசாரணை இல்லங்க. சாட்சி ஏறாது, குறுக்கு விசாரணை கிடையாது. கீழ்க்கோர்ட்ல என்னென்ன காகிதம் இருந்துச்சோ, யார் யார் என்னென்ன சொன்னாங்களோ, அந்தக் கட்டு அப்படியே மேல போகும். அதைப் படிச்சுப் பார்த்து, கீழ இருக்கறவர் சரியா முடிவு பண்ணினாரா இல்லையான்னு சொல்வாங்க. அவ்வளவுதான்."

கிரேனின் மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள். "இடுப்பு டாக்டர் எழுதிக் கொடுத்ததும்மா. இவரால ஒரு மூட்டைக்கு மேல தூக்க முடியாதுன்னு இதுல..."

"ஏய்!" கிரேன் பாய்ந்தார். நாற்காலி அதன் நாலாவது காலைத் தேடிக்கொண்டு சரிந்தது.

வக்கீலம்மா அவரைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சீட்டைப் படித்துப் பெருமூச்சு விட்டார். "அன்னைக்கே காட்டியிருந்தா இது தங்கமாச்சேம்மா. இப்போ புதுசா ஒரு காகிதத்தை உள்ளே நுழைக்கறது லேசுல நடக்காது. 'அன்னைக்கு ஏன் காட்டல'ன்னு முதல் கேள்வி வரும். அதுக்கு என்ன பதில் சொல்வேன்? 'என் கட்சிக்காரருக்கு வெக்கமா இருந்துச்சு'ன்னா?"

"சொல்லாதீங்க" என்றார் கிரேன், தரையைப் பார்த்து.

"அப்ப இருக்கற கட்டுக்குள்ளேயே ஏதாவது கிடைக்கணும். நான் ரெண்டு தடவை படிச்சாச்சு. நகல் ஒண்ணு தர்றேன், நீங்களும் பாருங்க."

கிரேனுக்குப் படிக்கத் தெரியாது. மனைவிக்குத் தெரியும், இரண்டு வருஷமாக. சோப்பு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. பெட்டியில் அச்சடித்ததைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் படிப்பில் ஒரு விசேஷம். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவள் கண் முதலில் தேடுவது கீழ் மூலையை. பெட்டியில் நிகர எடை போட்டிருக்கும் இடம் அதுதான். எடை தப்பான பெட்டியை ஒட்டினால் மேற்பார்வையாளர் அம்மா காதைத் திருகாத குறையாகத் திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் கொட்டகையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார்கள். குட்டையும் பஞ்சுவும் பக்கத்தில் மூட்டை மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எ-தி-ரி... கூ-று-வ-து..." என்று அவள் விரல் வைத்துப் படித்தாள். கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது கிரேன். "தூக்-கு-வேன். அதன் மேல் ஐயா ஏறி உட்-கார்ந்-தா-லும்..." விரல் நின்றது. தலை நிமிர்ந்தது. "அச்சே போட்டுட்டாங்களா இதை?"

"அண்ணன் பேச்சு அச்சேறிடுச்சு!" என்று பஞ்சு கைதட்டினான்.

"உங்க பேச்சும் ஏறியிருக்கு, இருங்க" என்று அவள் பக்கத்தைப் புரட்டினாள். "'அண்ணன் தூக்காத சாமானே இந்த ஊரில் கிடையாது.' நல்லா இருங்கப்பா. ஜெயிலுக்கு வழி கேட்டா கையைப் பிடிச்சுக் கொண்டுபோயே விட்டிருக்கீங்க."

பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போனான்.

அவள் படித்துக்கொண்டே போனாள். காவலாளி சாட்சி. மதில் படம், உயரம் எட்டு அடி. டிரம் போட்டோ, பக்கத்தில் ஆளோ பொருளோ இல்லாததால் அது கட்டைவிரல் உயரமா கதவு உயரமா என்றே தெரியாத போட்டோ. கடைசியாக, டிரம் தங்களுக்குத்தான் சொந்தம் என்று காட்டக் கிடங்குக் கம்பெனி கொடுத்த சரக்குச் சீட்டு. அதில் என்னென்னவோ எண்கள், முத்திரை, கையெழுத்து. அவள் கண் நேராகக் கீழ் மூலைக்குப் போனது.

"நிகர எடை" என்று தடங்கல் இல்லாமல் படித்தாள். அந்த இரண்டு சொல்லை மட்டும் அவள் ஒரே மூச்சில் படிப்பாள். "முந்நூத்தி நாப்பது கிலோ."

மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு எடை என்பது எண் இல்லை, உடம்பு. நால்வரும் அந்த முந்நூற்று நாற்பதைத் தோளில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் குட்டைக்குத்தான் சிரிப்பு வந்தது. மூக்கால் வந்தது. பிறகு பஞ்சு மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அதைத் தூக்கிட்டு மதிலேறிக் குதிச்சு..." என்றவன் முடிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஓடவும் ஓடியிருக்காரு!" என்று மனைவி கட்டால் தரையை அடித்துச் சிரித்தாள். "விசிலடிச்சும் நிக்கல!"

கிரேன் மட்டும் சிரிக்கவில்லை. "வயசுல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

மனைவி பார்த்த பார்வையில் மீதி தொண்டைக்குள் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் வக்கீலம்மா அந்த மூலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான் அந்த அறையில் இடம். "ரெண்டு தடவை படிச்சேனே! சொந்தம் யாருதுன்னு பார்த்தேன், எடையைப் பார்க்கலையே! கீழ்க்கோர்ட்டும் பார்க்கல. புதுக் காகிதம் வேண்டாம், அவங்க கொடுத்த காகிதமே போதும்!" சட்டென்று நின்று கிரேனை நோக்கி விரலை நீட்டினார். "ஆனா ஒரு நிபந்தனை. அப்பீல் அன்னைக்கு நான் உங்களை ரொம்ப மட்டமா பேசுவேன். எதிர் வக்கீல் உங்களை ஆகா ஓகோன்னு புகழ்வார். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டாரும்மா" என்றாள் மனைவி. "நான் பார்த்துக்கறேன்."

அப்பீல் நாளன்று அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ். அப்பீல் தோற்றால் வீட்டுக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள், அங்கிருந்தே உள்ளே என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே வரிசையாகக் கொட்டகை ஆட்கள் பதின்மூன்று பேரும்.

பெஞ்சின் கோடியில் ஒரு தையல்காரர். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து வந்துவிட்டார். "எனக்கு சிவில் அப்பீல்" என்று தானாகவே ஆரம்பித்தார். "என் வீட்டுப் படிக்கட்டு பக்கத்து வீட்டுக்காரன் இடத்துல இருக்கா, என் இடத்துல இருக்கான்னு ஒன்பது வருஷம். உங்களுக்கு?"

"திருட்டு" என்றார் கிரேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப உங்களுக்கு வசதி."

"திருட்டுப் பட்டத்துல என்னங்க வசதி?"

"தராசு வேறங்க! எங்க கேஸ்ல ரெண்டு தட்டு. எந்தப் பக்கம் ஒரு பொத்தான் அளவு கூடக் கனம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் ஜெயிச்சுடும். உங்களுதுல அப்படி இல்ல. அரசாங்கம் தன் தட்டைச் சந்தேகமே இல்லாம தரையில இடிக்கற மாதிரி இறக்கணும். நடுவுல நியாயமான சந்தேகம்னு ஒண்ணு நின்னுச்சுன்னா அது உங்களுக்குத்தான். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்க வர்ற சந்தேகத்தால எனக்கு ஒரு லாபமும் இல்ல."

தராசு என்றதும் கிரேனுக்கு நன்றாகப் புரிந்தது. கோர்ட்டைப் பற்றி இத்தனை நாளில் அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

கூப்பிட்டார்கள்.

நீதிபதி வயதானவர். மூக்கு நுனியில் கண்ணாடி, முன்னால் கட்டு. அரசு வக்கீல் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"ஐயா, எதிரி சாதாரண மனிதர் இல்லை. அவருடைய பட்டமே கிரேன். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரின் பாரத்தைத் தோளில் சுமந்தவர். அந்தத் தோளைப் பாருங்கள் ஐயா!"

எல்லோரும் பார்த்தார்கள். கிரேனின் தோள் தானாக ஒரு அங்குலம் அகன்றது. வாழ்க்கையில் இத்தனை அழகாக அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்யாணத்தில்கூடப் பேசவில்லை. முகமெல்லாம் மலர்ந்து அரசு வக்கீலைப் பார்த்துக் கும்பிடவே போய்விட்டார். மனைவி முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பிறகு வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, என் கட்சிக்காரர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு கூலித் தொழிலாளி. உடம்பு தளர்ந்தவர்..."

"தளர்ந்தவரா?" என்றார் கிரேன் பல்லுக்குள்.

இரண்டாவது கிள்ளு.

"...அவர் சொன்னது வெறும் வாய்ச்சவடால். நண்பர்கள் எதிரில் வீறாப்பாகப் பேசுவது யாருக்கும் உள்ளதுதான். சவடால் சாட்சியம் ஆகாது ஐயா. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அவர்களே தாக்கல் செய்த சரக்குச் சீட்டு, நாற்பத்தி இரண்டாம் பக்கம், கீழ் மூலை."

மூன்றாவது கிள்ளை முன்கூட்டியே போட்டு வைத்தாள் மனைவி.

நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். கீழ் மூலைக்குக் குனிந்தார். அங்கேயே ரொம்ப நேரம் இருந்தார். பிறகு காவலாளி சாட்சிக்குப் போனார். அங்கிருந்து மதில் படத்துக்கு. மறுபடி மூலைக்கு. துணிப்பையின் வார் மனைவியின் விரலைச் சுற்றிச் சுற்றி இறுகியது.

"சாட்சியின் முகத்தை நான் பார்க்கவில்லை" என்றார் நீதிபதி மெதுவாக. "கீழ்க்கோர்ட் பார்த்திருக்கிறது, நம்பியிருக்கிறது. அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன்." மனைவி துணிப்பையைப் பார்த்தாள். "ஆனால் பொருளை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லையே. அந்த டிரம் இப்போது எங்கே?"

"கீழே, வழக்குப் பொருள்களை வைக்கும் சொத்து அறையில்தான் ஐயா இருக்கிறது" என்றார் அரசு வக்கீல்.

"கொண்டு வாருங்கள், பார்க்கலாம்."

அரசு வக்கீல் தனக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் சொத்து அறைக்காரரைப் பார்த்தார். சொத்து அறைக்காரர் வந்து அரசு வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். அரசு வக்கீலின் நல்ல குரல் எங்கோ போய்விட்டது.

"ஐயா... மேலே கொண்டுவர முடியாதாம்."

"ஏன்?"

"கனமாக இருக்கிறதாம் ஐயா."

யாரோ ஒருவர் இருமினார். இருமல் இல்லை அது.

"கீழே எப்படி வந்தது?"

"லாரியில், ஐயா. இறக்குவதற்கு..." மறுபடி காதில். "...எட்டுப் பேர் பிடித்தார்களாம்."

பின்பெஞ்சு உடைந்தது. பதின்மூன்று பேரும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். தட்டச்சுக்காரி விரல் தடுக்கி ஒரு வரியைத் தப்பாக அடித்து மறுபடி அடித்தாள். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

"எட்டுப் பேர் இறக்கிய பொருளை ஒருவர் தோளில் போட்டு, எட்டு அடி மதிலைத் தாண்டி, ஓடினார்" என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "'அது மேல ஐயா ஏறி உட்கார்ந்தாலும் தூக்குவேன்.' இதைச் சொன்னவர் வந்திருக்கிறாரா?"

கிரேன் எழுந்தார். வக்கீலம்மாவின் முகம் வெளுத்தது. மனைவி கிள்ளக் கையை நீட்டினாள், எட்டவில்லை.

"உங்களை விசாரிக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றார் நீதிபதி. "நிஜமாகவே தூக்குவீர்களா?"

கிரேன் திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று முகங்கள். துண்டுகள் வாயிலிருந்து இறங்கிவிட்டன. குட்டை கழுத்தை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வருஷமாக அவர்கள் கட்டிக் கொடுத்த கிரேன். பிறகு அவர் கண் பெஞ்சின் இந்தக் கோடிக்கு வந்தது. துணிப்பை, அதன் வாயில் நீட்டிக்கொண்டிருந்த பிரஷ், வாரில் இறுகி ரத்தம் செத்த அவள் விரல்.

"முடியாதுங்கய்யா" என்றார். சொன்னதும் இடுப்பிலிருந்து எதுவோ இறங்கினாற்போல இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "நீங்க ஏறி உட்காராட்டியும் முடியாது. குடம்கூட எங்க வீட்ல அவதாங்க நகத்தறா. அன்னைக்குச் சாயங்காலம் எனக்கு இடுப்புல ஒத்தடம்ங்க."

பிறகு பின்பெஞ்சிலிருந்து பஞ்சுவின் குரல்: "எனக்கும் ஒத்தடம்தான்ணே!" அதைத் தொடர்ந்து குட்டை, "நான் பட்டையே கட்டியிருக்கேன்!" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். கோர்ட் சேவகர், "உஷ்! உஷ்!" என்று ஓடினார்.

"இதை நான் எழுதிக்கொள்ள முடியாது" என்றார் நீதிபதி. "அப்பீலில் புதுச் சாட்சியம் கிடையாது. கட்டில் இருப்பதே போதுமானது." தட்டச்சுக்காரி பக்கம் திரும்பினார். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கீழ்க்கோர்ட் தன் முன் இருந்த சரக்குச் சீட்டைக் கவனிக்கத் தவறியது. காவலாளியின் சாட்சியம் நம்பத் தக்கதல்ல. எதிரியின் பெருமைப் பேச்சு ஆதாரம் ஆகாது. டிரம்மை எடுத்தது யார் என்று இந்தக் கோர்ட்டுக்குத் தெரியாது. இவர் என்று நிரூபிக்கப்படவில்லை, அது போதும். தீர்ப்பும் தண்டனையும் ரத்து. எதிரி விடுதலை. டிரம் கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும்.

கிரேனுக்கு முழுசாகக் கேட்கவில்லை. மனைவி துணிப்பையால் முதுகில் ஓர் அடி போட்டபோதுதான் விடுதலை என்று புரிந்தது.

வெளியே வந்தால் தையல்காரர் இஞ்சு டேப்பைக் கொடி போல ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். "என் கேஸைக் கீழேயே திருப்பி அனுப்பிட்டாங்க! சர்வேயர் அளந்தது தப்பாம்! மறுபடி முதல்ல இருந்து!"

"அய்யோ, இன்னும் ஒன்பது வருஷமா?"

"இருக்கட்டும்! பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியைப் பார்த்தீங்களா!" என்று அவர் பாட்டுக்குக் கீழே இறங்கி ஓடினார்.

அடுத்த வாரம் கம்பெனி தன் டிரம்மை எடுத்துக்கொண்டு போக ஆள் கேட்டது. வந்தவர்கள் வேறு யார், கொட்டகைக்காரர்கள்தான். சொத்து அறை வாசலில் பலகை போட்டு, கயிறு கட்டி, பதினான்கு பேரும் நின்றார்கள். கிரேன் டிரம்மை அப்போதுதான் முதல் முறையாகக் கிட்டத்தில் நின்று பார்த்தார். அவர் மார்புயரம் இருந்தது. சுற்றி வந்தார். யாரும் பார்க்காத பக்கத்தில் நின்று, தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார்.

டிரம் அசையவே இல்லை.

அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மரச் சக்கரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்னண்ணே, என்னாச்சு?" என்று ஓடி வந்தான் பஞ்சு.

"இதைத் தூக்கிட்டு ஓடியிருக்கேண்டா நான்!" என்றார் கிரேன். "விசிலடிச்சும் நிக்கலடா!"

பிறகு பட்டையை இறுக்கிக்கொண்டு, மற்ற பதின்மூன்று பேரோடு தானும் ஒரு கை பிடித்தார்.